கடைசிச் சரணம் வரை

மோர்ஸ் தீவு
ஜனவரி 16

அன்புள்ள ரிக்கே அக்கா,

நீ கைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு சிகிச்சைக்கு ஆர்ஹுஸ் நகரத்துக்குப் போய்விட்டதால் இனி நமக்குக் கடிதம்தான் வழி. போன தடவை உன் மனம் உச்சத்துக்கு ஏறியபோது ஊரில் பாதிப் பேரைக் கூப்பிட்டு என்னென்ன பேசினாய் என்பது உனக்கே நினைவிருக்கும். கைபேசி வேண்டாம் என்று நீயாக முடிவெடுத்தது நல்லது. தபால் இப்போது தினமும் வருவதில்லை, அதனால் நம் கடிதங்கள் வழியிலேயே ஒன்றையொன்று தாண்டிப் போகலாம். பொறுத்துக்கொள்.

நூலகத்தில் இரண்டு புத்தகம் எடுத்துப் படித்துவிட்டேன். இருதுருவ மனநோயில் கீழே விழுந்து கிடப்பவர்களுக்கு மாத்திரை கேட்காதபோது காந்தத்தை நெற்றியின் இடப்பக்கம் வைத்துத் துடிக்க விடுவார்கள், அது மண்டையோட்டைத் தாண்டி உள்ளே சின்ன மின்னோட்டத்தை உண்டாக்கும், சோம்பிக் கிடக்கும் பகுதி மெல்ல விழிக்கும் என்று போட்டிருக்கிறது. வார நாள் எல்லாம் போக வேண்டும், ஆறு வாரம். பாதியில் விட்டால் பயனில்லை என்று இரண்டு புத்தகமும் சொல்கின்றன. நீ பாதியில் விடுகிற ஆள் என்பதால் இதை அடிக்கோடிட்டு எழுதுகிறேன்.

மருத்துவமனையில் வீட்டிலிருந்து ஒருவரைத் தொடர்பு ஆளாகக் கேட்டார்கள். அம்மா உன் பெயரைச் சொன்னாலே அழுகிறாள். அப்பாவிடம் எதைக் கேட்டாலும் "எல்லாம் சரியாப் போயிடும்" என்பார். ஆகவே நான். பதினாறு வயது போதுமா என்று கேட்டேன். கவனிக்கத் தெரிந்தால் போதும் என்றார்கள்.

இன்னொன்று. மார்ச் இரண்டாம் தேதி ஊர் மண்டபத்தில் அப்பாவின் அறுபதாவது பிறந்தநாள். நீ ஆறு வாரத்தையும் முடித்து, நிதானமாக இருந்தால் வரலாம் என்று அம்மா சொல்லச் சொன்னாள். ஆனால் விருந்தில் எல்லோரும் சேர்ந்து பாடும் பாட்டை நீ எழுதக் கூடாது. இந்த முறை நான் எழுதுகிறேன்.

ஏன் என்று கேட்க மாட்டாய் என்று நினைக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் என் தேவாலயத் திடப்படுத்தல் சடங்கின் விருந்தில் ஒவ்வொரு தட்டிலும் உன் பாட்டை அச்சடித்த இளஞ்சிவப்புத் தாளை வைத்தாயே, அதில் நான் போதகர் மகனின் ஒற்றைக் கையுறையை எடுத்து வந்து தலையணைக்கடியில் வைத்துத் தூங்குவதைப் பற்றி ஐந்து சரணம் இருந்தது. அந்தப் பையன் எதிரே உட்கார்ந்திருந்தான். அச்சடித்த பாட்டை நடுவில் நிறுத்துகிற வழக்கம் இந்த நாட்டில் யாருக்கும் இல்லை. போதகர், அவர் மனைவி, அத்தைகள், மொத்த மண்டபமும் என் கையுறையைக் கடைசிச் சரணம் வரை பாடிவிட்டு எழுந்து நின்று மூன்று முறை வாழ்த்தொலி எழுப்பியது. உனக்கு அப்போது உடம்பு சரியில்லை என்று தெரியும். தெரிவதும் மறப்பதும் ஒன்றல்ல.

சீக்கிரம் குணமாக வேண்டும்.

ஆஸ்தா


ஆர்ஹுஸ்
ஜனவரி 22

ஆஸ்தா,

உன் கடிதம் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள் மாதிரி இருந்தது. வாசித்தேன். பக்க விளைவு தூக்கம்.

பல் மருத்துவரின் நாற்காலி மாதிரி ஒன்று. காதில் அடைப்பான். லிஸ்பெத் என்ற செவிலி என் தலையில் நீச்சல் தொப்பி போல ஒன்றை மாட்டிப் பேனாவால் புள்ளி வைக்கிறாள். முதல் நாள் காந்தச் சுருளை மண்டைமேல் இங்கும் அங்கும் நகர்த்தினாள். ஓரிடத்தில் வந்ததும் என் வலது கட்டைவிரல் தானாகத் துள்ளியது. அதை வைத்துத்தான் எனக்கு எவ்வளவு பலமாக அடிக்க வேண்டும் என்று கணக்கிடுகிறார்களாம். இந்த உடம்பில் உற்சாகமாக இருக்கும் ஒரே ஆள் அந்த விரல்தான். அதன்பிறகு நெற்றியில் ஒரு மரங்கொத்தி. கொத்துகிறது, ஓய்கிறது, கொத்துகிறது. புருவம் இழுத்துக்கொள்கிறது. வலி இல்லை. எதுவும் இல்லை.

அறைக்கு வந்து படுத்துக்கொள்கிறேன். தலை குளிக்க எழுந்திருக்க முடியவில்லை. கீழே தெருமுனையில் ஒரு ரொட்டிக்கடை இருக்கிறது. அதன் வாசனை ஜன்னல் வழியே வருகிறது. பத்து வருடம் மாவு பிசைந்தவள் நான், அந்த வாசனை எனக்கு ஈரச் சுவர் வாசனை மாதிரி இருக்கிறது.

பிறந்தநாளுக்கு வரவில்லை. பாட்டை நீயே எழுது. உன்னைப் பற்றிப் பாட்டு எழுத முடிந்தது, ஏனென்றால் அப்போது உன்னிடம் ஒரு கையுறையாவது இருந்தது. இப்போது நூலக அட்டை மட்டும்தான் இருக்கிறது போல.

ரிக்கே


மோர்ஸ் தீவு
ஜனவரி 28

அன்புள்ள ரிக்கே அக்கா,

நூலக அட்டை பற்றிச் சொன்னது தேவையில்லாதது. நோய் உன்னை அப்படி எழுத வைக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

லிஸ்பெத் என்னை அழைத்துப் பேசினார். நல்ல பெண்மணி, குரலே தடித்த கம்பளி மாதிரி இருக்கிறது. சாதாரண மனச்சோர்வுக்காரர்கள் மேலே வந்தால் எல்லோரும் சந்தோஷப்படலாம், உன்னைப் போன்றவர்கள் மேலே வரும்போது சந்தோஷப்படவும் வேண்டும், பார்த்துக்கொள்ளவும் வேண்டும் என்றார். "மேல வர்றது வேற, கூரையப் பிச்சிக்கிட்டுப் போறது வேற. வித்தியாசம் எங்களுக்கு முன்னாடி வீட்ல இருக்கறவங்களுக்குத்தான் தெரியும்," என்றார். தூக்கம் குறைந்தும் களைப்பு இல்லாமல் இருப்பது, பேச்சு பெருகுவது, முன்பின் தெரியாதவர்களிடம் உரிமை எடுத்துக்கொள்வது, பெரிய பெரிய திட்டம் போடுவது. இதில் எது தெரிந்தாலும் உடனே அவருக்குச் சொல்ல வேண்டும். ரொம்ப அரிதாகத்தான் அப்படி ஆகுமாம். ஆனாலும் நான் கவனமாக இருப்பேன். உன் கடிதங்களை எடுத்து வைத்திருக்கிறேன்.

இரவுச் சாப்பாட்டில் உன்னைப் பற்றிப் பேச்சு வந்தது. அப்பா ஓட்டுநர் பள்ளியிலிருந்து வந்த களைப்பில் மீனைக் கிளறிக்கொண்டே, "நல்லபடியா குணமாகி வந்தா பழைய ரிக்கேவா இருப்பா," என்றார். அம்மா சட்டென்று, "பழைய ரிக்கே யாரு கேட்டா? அமைதியா இருந்தா எனக்குப் போதும். நல்லா இருக்கணும்னுகூட இல்ல," என்றாள். அப்பா மறுபடி மீனைக் கிளறினார்.

உன்னிடம் எதையும் மறைக்கக் கூடாது என்பதால் இதை எழுதுகிறேன்.

அப்பாவுக்கான பாட்டின் தொடக்கம் இப்படி வந்திருக்கிறது:

பிரேபென் என்னும் நல்லவர் பிறந்த ஊர் நம் தீவு,
பள்ளி முடித்துப் பணியில் சேர்ந்து பெற்றார் நல்ல வாழ்வு.

யாப்பு சரியாக இருக்கிறது. எண்ணிப் பார்த்துவிட்டேன்.

ஆஸ்தா


ஆர்ஹுஸ்
பிப்ரவரி 5

ஆஸ்தா,

அம்மா சொன்னதை எனக்கு எழுதாமல் இருந்திருக்கலாம். மறைக்காமல் இருப்பது ஒரு குணம் என்று உனக்கு யாரோ தவறாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இரண்டு நாள் அந்த வாக்கியத்தோடு படுத்திருந்தேன்.

மூன்றாம் நாள் ஒரு விஷயம் நடந்தது. சின்ன விஷயம். சிகிச்சை முடிந்து வரும் வழியில் கடையில் உப்பு அதிமதுர மிட்டாய் ஒரு பொட்டலம் வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்று தெரியாது. ஒன்றை வாயில் போட்டேன். உப்பாக இருந்தது. கசப்பாக இருந்தது. அவ்வளவுதான். ஆனால் ஆஸ்தா, போன அக்டோபரிலிருந்து என் வாய்க்குள் எது போனாலும் அட்டைப்பெட்டி மாதிரிதான் இருந்தது. தெருவில் நின்று பொட்டலம் முழுவதையும் தின்றேன். பல் கறுத்துப்போய் அறைக்கு வந்து கண்ணாடியில் பார்த்துச் சிரித்தேன். தலை குளித்தேன்.

அதற்கு மறுநாள் ரொட்டிக்கடைக்குள் போனேன். தவக்காலத்துக்கு முந்தைய கிரீம் பன் அடுக்கி வைத்திருந்தான். ஒன்று வாங்கிக் கடித்ததும் பொறுக்க முடியவில்லை. "மாவ அவசரப்படுத்திட்டீங்க. இன்னும் அரை மணி உப்ப விட்டிருந்தா இது பன்னா இருந்திருக்கும்," என்றேன். கடைக்காரன் பெயர் யெப்பே, ஆறடிக்கு மேல் உயரம். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "அவ்ளோ தெரிஞ்சா உள்ள வந்து செஞ்சு காட்டு," என்றான். போனேன். கை நடுங்கியது, லித்தியம் மாத்திரை தின்னும் ஆளின் கை அப்படித்தான். ஆனால் மாவுக்கு நடுக்கம் தெரியாது. பன் நன்றாக வந்தது. அவன் நின்றபடியே இரண்டு தின்றான்.

எனக்கு அடுத்த ஆளாகச் சிகிச்சைக்குக் காத்திருக்கும் ஒரு கிழவர் இருக்கிறார், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். தினமும் கழுத்துப் பட்டை கட்டிக்கொண்டு வருகிறார். "எதுக்குப் பட்டை?" என்று கேட்டேன். "மூளையக் காட்டப் போறேன், கொஞ்சம் மரியாதையா போக வேணாமா?" என்றார். ஒன்றாகச் சிரித்தோம். லிஸ்பெத் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள், இருவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வாயை மூடிக்கொண்டோம்.

இன்று காலை ஐந்து மணிக்கு விழிப்பு வந்தது. எழுந்ததற்காக எனக்கு யார்மேலும் கோபம் வரவில்லை. படுத்தபடியே ஊரின் சத்தங்களைக் கேட்டேன்.

இதோடு எட்டாவது பக்கம். கை வலிக்கிறது. உன் பாட்டு ஓய்வூதிய விண்ணப்பம் மாதிரி இருக்கிறது. அப்பா இன்னும் சாகவில்லை, ஞாபகம் வைத்துக்கொண்டு எழுது.

ரிக்கே


மோர்ஸ் தீவு
பிப்ரவரி 9

அன்புள்ள ரிக்கே அக்கா,

நீ தேறுவது குறித்து மகிழ்ச்சி. ஆனால் சில விஷயங்களைக் கேட்க வேண்டியிருக்கிறது.

ஐந்து மணிக்கு எழுந்த அன்று பகலில் களைப்பு இருந்ததா? முன்பின் தெரியாத ஒருவரின் கடைக்குள் போய் அவர் தொழிலில் குறை சொல்வது உனக்கு இயல்பாகப் பட்டதா, அல்லது ஏதோ ஒன்று உந்தித் தள்ளியதா? எட்டுப் பக்கம் எழுதும்போது எண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வந்தனவா? கழுத்துப் பட்டைக் கிழவரின் பேச்சு உண்மையிலேயே அவ்வளவு வேடிக்கையானதா? எனக்குப் பெரிதாகச் சிரிப்பு வரவில்லை.

கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ரொட்டிக்கடை வந்த இடத்தில் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். "ஆரம்பிச்சிட்டா," என்றாள். அப்பா, "ஒரு பன்னுதானே, யுட்டெ," என்று அம்மாவைச் சமாதானப்படுத்தினார். "அன்னிக்கும் ஒரு பாட்டுதானேன்னு சொன்னீங்க," என்றாள் அம்மா. நான் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தேன்.

என் பாட்டு ஓய்வூதிய விண்ணப்பம் மாதிரி இருக்கிறது என்கிறாய். இருக்கலாம். ஆனால் விண்ணப்பத்தால் யாரும் மேசையை விட்டு எழுந்து குளியலறையில் போய் ஒளிந்துகொண்டதில்லை.

நேராகக் கேட்கிறேன். நீ ரகசியமாகப் பாட்டு எழுதுகிறாயா?

ஆஸ்தா


ஆர்ஹுஸ்
பிப்ரவரி 12

காவல்துறை ஆய்வாளர் ஆஸ்தா அவர்களுக்கு,

களைப்பு இருந்தது. மதியம் குறட்டை விட்டேன், பக்கத்து அறைப் பெண் சுவரைத் தட்டினாள். ரொட்டிக்காரிக்கு ஐந்து மணி என்பது நடுப்பகல். ஏதோ உந்தித் தள்ளியது உண்மை. அதன் பெயர் மோசமான பன். கிழவரின் பேச்சு வேடிக்கையானதுதான், உனக்குச் சிரிப்பு வரவில்லை என்றால் காந்தம் உனக்கும் கொஞ்சம் தேவைப்படலாம்.

ஒன்று சொல், எனக்கு நாளைக்கு எத்தனை சிரிப்பு அனுமதி? இரண்டா? உரக்கச் சிரித்தால் இரண்டாகக் கணக்கிடுவாயா? நான் மூன்று வருடமாக ஒன்று மலையுச்சியில் இருக்கிறேன் அல்லது கிணற்றடியில் இருக்கிறேன். இப்போது தரையில் நிற்கிறேன், ஆஸ்தா. வெறும் தரை. கால் வைத்தால் நிற்கிறது. உச்சத்தில் இருக்கும்போது எல்லாம் என்னைப் பற்றியதாக இருக்கும், தெருவிளக்குகூட எனக்காக எரியும். இப்போது தெருவிளக்கு தெருவுக்காக எரிகிறது. வித்தியாசம் எனக்குத் தெரிகிறது. அதைத் தெரிந்துகொள்ள நான் கொடுத்த விலைக்கு ஒரு வீடு வாங்கியிருக்கலாம்.

ஆமாம், பாட்டு. ரகசியமாக இல்லை, நேற்று மாவு பிசையும்போது தானாக வந்தது. ஒரே ஒரு சரணம். உனக்கே தருகிறேன், உன் பெயரில் போட்டுக்கொள், நான் எழுதினேன் என்று யாருக்கும் தெரிய வேண்டாம்:

தீவுக்கெல்லாம் வண்டி ஓட்டச் சொல்லித் தந்த ஆசான்,
திருப்பத்திலே கையைக் காட்டாத் தீயோர்க்கெல்லாம் நாசன்,
சாப்பிடையில் அம்மா பேச்சு வேகம் கொள்ளும் நேரம்
சத்தமின்றி மேசைக்கடியில் பிரேக்கைத் தேடும் பாதம்.

அப்பாவின் வலது காலைக் கவனித்திருக்கிறாயா? கற்றுக்கொள்பவன் வண்டியில் அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்குமே, முப்பது வருடம் அதை மிதித்த கால். அம்மா குரல் உயர்ந்தால் இன்னும் மிதிக்கிறது. நீ எல்லாவற்றையும் கவனிப்பவள், இதைக் கவனிக்கவில்லை பார்.

இன்னும் பத்து நாள்தான் பாக்கி. பிறந்தநாளுக்கு வருகிறேன். வர விரும்புகிறேன். இப்படி எழுத முடிவதே எனக்கு அதிசயமாக இருக்கிறது.

ரிக்கே


மோர்ஸ் தீவு
பிப்ரவரி 15

அன்புள்ள ரிக்கே அக்கா,

இதை நீ கோபப்படாமல் முழுவதும் வாசிக்க வேண்டும்.

நேற்று உன் கடிதம் வந்ததும் மூன்று முறை படித்தேன். பிறகு லிஸ்பெத்தை அழைத்தேன். நானாகவே அழைத்தேன், அம்மா சொல்லி அல்ல. எட்டுப் பக்கம் எழுதியது, ஐந்து மணி, ரொட்டிக்கடை, சிகிச்சைக்காகப் போன ஊரில் வேலை பார்ப்பது, என்னைக் காவல்துறை என்று அழைத்தது, பாட்டு எழுத ஆரம்பித்தது, தெருவிளக்கைப் பற்றி எழுதியது. ஒவ்வொன்றாகச் சொன்னேன். சில வரிகளை வாசித்தும் காட்டினேன். லிஸ்பெத் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். "எங்ககிட்ட அவ நல்லாத்தான் இருக்கா. ஆனா நீங்க அவளச் சின்ன வயசுலேர்ந்து பாக்கறவங்க. உனக்கு எப்படித் தோணுது?" என்று கேட்டார். "பழையபடி ஆரம்பிக்கிற மாதிரி தோணுது," என்றேன். மருத்துவரிடம் சொல்லுவதாகச் சொன்னார். காந்தத்தை நிறுத்திவிட்டு மருந்தைக் கூட்டுவார்கள் என்று நினைக்கிறேன்.

எனக்குத் தோன்றியதைத்தான் சொன்னேன். பொய் சொல்லவில்லை.

அப்பாவின் காலைப் பார்த்தேன். நீ சொன்னது சரி. நேற்றிரவு அம்மா மண்டப வாடகையைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் மேசைத் துணிக்குக் கீழே அவர் செருப்பு அமுங்கியது. பதினாறு வருடம் அதே மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். நான் மூன்று வாரமாக உட்கார்ந்து எழுதிய பாட்டில் இது இல்லை. நீ மாவு பிசையும்போது வந்துவிட்டது. உடம்பு சரியாக இருக்கும் ஒருவருக்கு அவ்வளவு சுலபமாக வருமா என்பதையும் யோசித்துப் பார்த்தேன். அதனாலும்தான் அழைத்தேன்.

பிற்பாடு எனக்கு நன்றி சொல்வாய்.

ஆஸ்தா


ஆர்ஹுஸ்
பிப்ரவரி 15

ஆஸ்தா,

என் போன கடிதத்துக்கு உன் பதில் வரும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லை. இந்தப் பொட்டலத்தில் இருப்பதை முதலில் பிரித்துப் பார்.

கையுறை. ஒரு ஜோடி. ஒற்றை இல்லை. நீலக் கம்பளி, உள்ளங்கையில் ஒரு தையல் கோணலாக இருக்கும், அது என் கை நடுங்கிய இடம். கிழவர்தான் பின்னச் சொல்லிக்கொடுத்தார், வங்கி மேலாளர் பின்னுவார் என்று நீ எந்தப் புத்தகத்திலும் படித்திருக்க மாட்டாய்.

அன்று நீ குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். நான் வெளியே நின்று தாளில் இல்லாத இன்னும் இரண்டு சரணத்தைத் தனியாகப் பாடினேன். உனக்கு அது பிடிக்கும் என்றே நினைத்தேன். மண்டபமே என்னைப் பார்த்துச் சிரிப்பதாக நினைத்தேன். இப்போதுதான் அந்த முகங்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்க்க முடிகிறது. யாரும் சிரிக்கவில்லை. தாளைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். போதகர் மகன் மட்டும் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். இதையெல்லாம் உணரும் அளவுக்கு மனம் திரும்பியிருப்பது சுகமாக இல்லை. ஆனால் திரும்பியிருக்கிறது. மன்னித்துக்கொள், ஆஸ்தா. இதை நான் இதற்கு முன் சொல்லாததற்குக் காரணம், சொல்ல எனக்குள் ஆளே இல்லை. நான் அங்கே இல்லை.

நேற்றுத் துறைமுகம் வரை நடந்தேன். நனைந்த நாய் ஒன்று என் மேல் உடம்பைச் சிலுப்பியது. எனக்கு அழுகை வந்தது. நல்ல அழுகை. உனக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை.

அடுத்த வெள்ளியோடு முடிகிறது. கையுறையைப் போட்டுக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு வா.

ரிக்கே

உறையை ஒட்டும் முன் இதைச் சேர்க்கிறேன்: இன்று நாற்காலிக்குப் போகும் முன் மருத்துவர் தன் அறைக்கு வரச் சொல்கிறார். நான் எவ்வளவு தேறியிருக்கிறேன் என்று சொல்லத்தான் இருக்கும். வழியில் இதைத் தபால்பெட்டியில் போட்டுவிடுகிறேன்.


ஆர்ஹுஸ்
பிப்ரவரி 20

ஆஸ்தா,

உன் கடிதம் கிடைத்தது. அதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

மருத்துவர் ஒரு தாளை வைத்துக்கொண்டு வாசித்தார். என் வாக்கியங்கள். நான் உனக்கு எழுதியவை. உன் கடிதங்களை யாராவது அப்படி நோய்க்குறிப்பாக வாசித்துக் கேட்டிருக்கிறாயா? எல்லாமே நோய் மாதிரித்தான் கேட்கிறது. கிரீம் பன் நோய். கிழவர் நோய். அதிமதுர மிட்டாய் நோய்.

"இது சந்தோஷம், சார். வியாதி இல்ல," என்றேன்.

"அப்படித்தான் போன தடவையும் சொன்னீங்கன்னு உங்க குடும்பத்துல சொல்றாங்க," என்றார்.

விளக்க முயன்றேன். விளக்க விளக்க வேகமாகப் பேசினேன். வேகமாகப் பேசுகிறேன் என்று எனக்கே தெரிந்தது, அது தெரிந்ததும் இன்னும் வேகமாயிற்று. நடுவில் அவர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு "முன்பின் தெரியாத ரொட்டிக்கடையில் மாவு பிசைந்தது" என்று வாசித்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. சிரிப்பு நின்றபோது அவர் லிஸ்பெத்தைப் பார்த்தார், லிஸ்பெத் தரையைப் பார்த்தாள். முடிந்தது.

காந்தம் நின்றுவிட்டது. புதிய மாத்திரை இரண்டு. நாக்கு தடித்திருக்கிறது. இன்று மிட்டாய் ஒன்றை வாயில் போட்டுப் பார்த்தேன். அட்டைப்பெட்டி.

உன் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கிறது. அப்பா வண்டி மோதப் போகும்போது மட்டும்தான் மிதிப்பார். நீ, வண்டி உன்னைவிட நன்றாக ஓடுவதைப் பார்த்து மிதித்தாய்.

கையுறையைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

ரிக்கே


மோர்ஸ் தீவு
மார்ச் 5

அன்புள்ள ரிக்கே அக்கா,

நீ விருந்துக்கு வந்ததில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. கேக் வெட்டியதும் பேருந்துக்குக் கிளம்பிவிட்டாய், என்னோடு தனியாக ஒரு வார்த்தை பேசவில்லை, ஆகவே எழுதுகிறேன்.

சமையல் வேலையாக அத்தைகள் எல்லோரும் சமையலறைக்கு வந்து, நீ எவ்வளவு மாறிவிட்டாய் என்று அம்மாவிடம் சொன்னார்கள். "முன்னெல்லாம் ஒரு எடத்துல உக்காருவாளா? இப்ப பாரு, வச்ச எடத்துல இருக்கா," என்றாள் பெரிய அத்தை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, காந்தச் சிகிச்சை அருமையானது, விடாமல் முயன்றோம் என்று சொன்னாள். நான் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

பாட்டில் உன் சரணத்தைச் சேர்த்துவிட்டேன். நீ அனுமதி தந்திருந்தாய். என் சரணங்களுக்கு எல்லோரும் மரியாதையாகப் பாடினார்கள். உன்னுடையது வந்ததும் மண்டபம் குலுங்கியது. அப்பா குனிந்து தன் காலைப் பார்த்தார், பிறகு தலையை நிமிர்த்தவே இல்லை, அழுதுகொண்டிருந்தார். போதகர் வந்து என் கையைக் குலுக்கி, "உனக்குள்ள இப்படி ஒரு குறும்பு இருக்குன்னு தெரியாமப் போச்சே," என்றார். நன்றி என்றேன். அப்போது உன்னைப் பார்த்தேன். நீயும் தாளைப் பிடித்துப் பாடிக்கொண்டிருந்தாய். சிரிக்கவில்லை. கடைசிச் சரணம் வரை பாடினாய், எழுந்து நின்றாய், மூன்று வாழ்த்தொலிக்கும் வாயைத் திறந்தாய், உட்கார்ந்தாய். உன் வலது கை மேசைத் துணிமேல் இருந்தது. கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை.

லிஸ்பெத் நேற்று அழைத்தார். பிப்ரவரியில் நிறுத்தியது அவசரமோ என்று மருத்துவருக்கே இப்போது சந்தேகமாம். மே மாதத்தில் ஓர் இடம் காலியாகிறது, முதலிலிருந்து முழுசாகச் செய்யலாம், நீயும் விரும்பி வீட்டிலும் துணை நின்றால் போதும் என்றார். அம்மாவிடம் சொன்னேன். "இப்ப நல்லாத்தானே இருக்கா. எதுக்குக் கிளறணும்?" என்றாள். மேசைக்கடியில் அப்பாவின் செருப்பு அமுங்கியதைப் பார்த்தேன்.

நீ வேண்டும் என்று எழுதினால் நான் அம்மாவிடம் வாதாடுவேன். அடுத்த வெள்ளிக்குள் பதில் சொல்ல வேண்டும். ஆனால் நிதானமாக எழுது. அம்மா வாசிப்பாள்.

ஆஸ்தா


ஆர்ஹுஸ்
மார்ச் 11

அன்புள்ள ஆஸ்தா,

உன் கடிதம் கிடைத்தது. நன்றி. விருந்து நன்றாக இருந்தது. நான் நன்றாகத் தூங்குகிறேன். மருந்தைத் தவறாமல் எடுத்துக்கொள்கிறேன். மே மாதத்தைப் பற்றி நீங்கள் எல்லோரும் என்ன முடிவு செய்தாலும் எனக்குச் சரி. இங்கே வானம் மூடியிருக்கிறது.

கடிதம் நீளமாகிவிட்டால் மன்னிக்கவும்.

ரிக்கே


மோர்ஸ் தீவு
மார்ச் 21

அன்புள்ள ரிக்கே அக்கா,

உன் கடிதத்தை அம்மா குளிர்சாதனப் பெட்டியின் கதவில் மீன் வடிவக் காந்தத்தால் ஒட்டி வைத்திருக்கிறாள். வருகிறவர்களிடம், "எவ்ளோ தெளிவா எழுதியிருக்கா பாருங்க," என்று காட்டுகிறாள். அப்பா பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அதை வாசிக்கிறார். பாலை எடுக்காமலே திரும்பி வருகிறார்.

லிஸ்பெத் வெள்ளிக்கிழமை அழைத்தார். உன் கடிதத்தை அவருக்கும் வாசித்துக் காட்டினேன். "அவ வேணும்னு சொல்லலையே, ஆஸ்தா," என்றார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை என்றேன். "அது போதாது," என்றார். மே மாத இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. இலையுதிர் காலத்தில் இன்னொன்று வரலாமாம். அதற்கு நீ ஒரு வரி எழுதினால் போதும். அம்மா என்ன சொன்னாலும் நான் பார்த்துக்கொள்வேன்.

இந்தக் கடிதத்தை யாரும் பார்க்கவில்லை. உன் பதிலையும் காட்ட மாட்டேன். தபால்காரரைத் தெருவிலேயே நிறுத்தி வாங்கிக்கொள்கிறேன். எட்டுப் பக்கம் எழுது. என்னைக் காவல்துறை என்று கூப்பிடு. நூலக அட்டையைப் பற்றிச் சொல், கையுறையைப் பற்றி முப்பது சரணம் எழுது. கிழவர் இப்போதும் கழுத்துப் பட்டை கட்டுகிறாரா? யெப்பேயின் பன் எப்படி இருக்கிறது? கிழவர் சொன்னது வேடிக்கையாகத்தான் இருந்தது, அக்கா. மூளையைக் காட்டப் போவது. அன்றைக்கே எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆஸ்தா


ஆர்ஹுஸ்
மார்ச் 27

அன்புள்ள ஆஸ்தா,

உன் கடிதம் கிடைத்தது. நன்றி. நான் நன்றாகத் தூங்குகிறேன். மருந்தைத் தவறாமல் எடுத்துக்கொள்கிறேன். இங்கே வானம் மூடியிருக்கிறது.

ரிக்கே